பின்னாலிருந்து போடும் கணக்கு

– அந்த ஒரு அட்டையை மட்டும் கழட்டிக் குடுத்துருங்க டீச்சர். கோச்சுக்காதீங்க.

– எதுக்கும்மா? வராந்தா முழுக்கப் பிள்ளைங்க எழுதின புதிர்தான் ஒட்டியிருக்கு. உங்க பொண்ணோடதை மட்டும் எடுத்தா அவ முகம் வாடிடாதா? கூட்டல்னாலே வயித்து வலின்னு பெஞ்சுல சுருண்டுக்கற பொண்ணு. இந்தப் புதிர் விளையாட்டு ஆரம்பிச்ச பிறகுதான் விரலை மடக்காம கணக்கு போடறா.

– தெரியும் டீச்சர். நேத்து ராத்திரி வீட்டுலயும் அதே பேச்சுதான். இருந்தாலும் அது அங்க வேணாம்.

– பாருங்க, அதுல ஒண்ணுமே இல்ல. வீட்டுல எத்தனை பேர்னு மனசுல நினைச்சுக்கணும். அதை ரெண்டால பெருக்கி, பத்தைக் கூட்டி, பாதியாக்கணும். வர்ற விடையை மட்டும் அட்டையில எழுதணும். பாக்கறவங்க பின்னாலேர்ந்து போட்டு ஆள் எத்தனைன்னு கண்டுபிடிக்கணும். அவ்வளவுதான்.

– எங்க பாப்பா என்ன எழுதியிருக்கா?

– எட்டு. அதான் எனக்கே புரியல. நீங்களும் அவளும் ரெண்டே பேர், ஏழுதானே வரணும்? எட்டுன்னா வீட்டுல மூணு பேர்.

– ஏழுன்னு மாத்தி எழுதச் சொல்லுங்க.

– கேட்டுப் பாத்தேன். பலகையில போட்டே காட்டிட்டா, ஒரு இடத்துலகூட பிசகல. "நான் சரியாத்தான் டீச்சர் போட்டேன்"னு உதட்டைப் பிதுக்கறா.

– தப்புன்னு அடிச்சு விட்டுருங்க டீச்சர். புண்ணியமா போகும்.

– சரியா போட்ட பிள்ளையை எப்படிம்மா தப்புன்னு சொல்றது? இப்பத்தான் அவளுக்குப் பயம் விட்டிருக்கு. என் கையால அதைக் கெடுக்க மாட்டேன். வீட்டுக்கு யாராவது வந்திருக்காங்களா? அதைச் சொல்லுங்க முதல்ல.

– கதவைச் சாத்திக்கலாமா டீச்சர்?

– சாத்துங்க. உக்காருங்க. யாரும்மா வந்திருக்காங்க?

– என் தங்கச்சி. போன மாசம் கையில மாவுக்கட்டோட வந்து நின்னா. இன்னொரு தடவை அந்த ஆள்கிட்ட மாட்டினா பொழைக்க மாட்டா டீச்சர். முன் ரூம்ல லைட்டே போடறதில்ல. அவ துணியைக்கூட வெளிய காயப்போடறதில்ல. தும்மல் வந்தா தலையணையில மூஞ்சியைப் புதைச்சுக்கறா. இப்பவும் உள்பக்கம் தாப்பாளைப் போட்டுக்கிட்டு தனியாத்தான் கிடக்கா.

– யாரு, அவ புருஷனா?

– அவனேதான். எங்க தையல் கம்பெனி வாசல்ல வந்து நின்னான். "அவ எங்க போனாளோ, எனக்கென்ன தெரியும்"னு அவன் மூஞ்சியைப் பாத்தே புளுகினேன். நம்பிட்டுப் போயிட்டான். சித்தி இருக்கறதைப் பத்தி யார்கிட்டயும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு பாப்பாகிட்ட சொல்லி வெச்சேன். அவளும் திறக்கல, பாவம். கணக்குல சேக்காதேன்னு நான் சொல்லல டீச்சர். அது எனக்குத் தோணவே இல்ல.

– இருங்கம்மா, அதைக் கழட்டிட்டு வந்துடறேன்.

– அட்டையைக் குடுங்க. சாப்பாட்டு நேரம் முடியறதுக்குள்ள நான் கம்பெனிக்குத் திரும்பணும். ஏன் அதைக் கையிலயே வெச்சுக்கிட்டு நிக்கறீங்க? இதை வெளி ஆள் யாரும் பாக்கலையே?

– இன்னிக்குக் காலையில, மணியடிக்கறதுக்கு முன்னாடி, பாப்பாவோட சித்தப்பான்னு ஒருத்தர் வந்தாரும்மா. ரொம்ப மரியாதையா பேசினாரு. இந்த எட்டை வெச்சு ஆள் எத்தனைன்னு எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு கேட்டாரு. நான்தான் பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தேன். பாப்பா ஒண்ணு கூட்டிப் போட்டுட்டா, அவங்க வீட்டுல ரெண்டே பேர்தான்னு வேற சொன்னேன். அவர் சிரிச்சாரு. "இல்ல டீச்சர், எங்க பொண்ணு கரெக்டாத்தான் போட்டிருக்கா"ன்னு சொல்லிட்டுக் கிளம்பிப் போனாரு.