பாலத்துக்கு இந்தப் பக்கம்

இல்லம்மா, பாஸ்போர்ட்டை இப்பவே வெளிய எடுக்க வேண்டாம். உறையோட மடியிலயே இருக்கட்டும். போலீஸ்காரங்க இன்னும் முன்னாடி பெட்டியிலதான் இருக்காங்க. இங்க வந்து சேர பத்து நிமிஷமாவது ஆகும். தினமும் நடக்குறதுதான். டென்மார்க்குல இருந்து கடல் பாலம் தாண்டுனா சுவீடன் பக்கம் முதல் ஸ்டேஷன் இது. ரயிலை நிறுத்தி எல்லார் முகத்தையும் அட்டையையும் ஒரு தடவை பாத்துட்டுத்தான் மால்மோவுக்குள்ள விடுவாங்க. இதுக்குப் போய் உறையை இப்படிக் கசக்கலாமா.

வீட்டுக்காரர் மால்மோவுலதானே இருக்காரு? எந்த நாடு அவருக்கு? போலந்தா. சரி, அப்ப கவலையே இல்ல. கேட்டா, அவர்கிட்ட வந்து சேர்றேன்னு சொல்லுங்க. அது போதும். ஐரோப்பாக்காரர் ஒருத்தர் சொந்த நாட்டை விட்டு இன்னொரு ஐரோப்பா நாட்டுல இருந்தா, அவரோட பெண்டாட்டி அவர்கூட வரலாம், இல்ல பின்னாடி வந்து சேரலாம். தனியா வந்துட்டோமேன்னு நீங்க பயப்படவே வேண்டாம். கல்யாணப் பத்திரம் இருக்குல்ல? பாஸ்போர்ட்டு, விசா? ஆச்சு. அதுக்கு மேல கேக்க அவங்களுக்கே ஒண்ணும் இல்ல.

எனக்கு எப்படித் தெரியும்னா, நானும் அதே கேசுதான். என்னன்னா, உங்க வீட்டுக்காரர் இடத்துல நான். நான் டென்மார்க்காரன், பேரு பிரேபன். நாப்பது வருஷம் கோபன்ஹேகன்ல பஸ் மெக்கானிக்கா இருந்தேன். என் வீட்டுக்காரி சாம்பியா. லுயாண்டோன்னு பேரு.

சிரிக்காதீங்க, அவளைப் பாத்ததே ஒரு பஸ்ஸாலதான். எங்க ஊர்ல வேண்டாம்னு கழிச்ச பஸ்ஸையெல்லாம் கப்பல்ல ஏத்தி அங்க மோன்சேன்னு ஒரு ஊருக்கு அனுப்பினாங்க. பட்டறைப் பசங்களுக்கு வேலை பழக்க மூணு மாசம் ஆள் வேணும்னாங்க. நான் தனிக்கட்டை, போனேன். ஒருநாள் நான் சரி பண்ணி அனுப்பின பஸ்ஸே வழியில நின்னுபோச்சு. பைக்கை எடுத்துட்டு ஓடுறேன். எல்லாரும் மரத்தடியில திட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. ஒரு அம்மா மட்டும் ஒரு கட்டு நோட்டை மடியில வச்சுத் திருத்திக்கிட்டு இருக்கா. கணக்கு டீச்சர். நான் எஞ்சினைத் திறந்து மூணு மணி நேரம் முட்டி மோதினேன். கடைசி நோட்டை மூடிட்டு என்கிட்ட வந்து, உங்க நாட்டுல இந்த பஸ்ஸை ஏன் தூக்கிப் போட்டாங்கன்னு இப்பப் புரியுது, உங்களையும் அதுகூடவே சேத்துப் போட்டுட்டாங்களான்னா. எனக்குக் கோபமே வரல. மூணு மாசம்னு போனவன் ஏழு மாசம் இருந்தேன்.

ஆமா, அங்கதான் கல்யாணம். எனக்கு அறுபத்தொண்ணு, அவளுக்கு நாப்பத்து நாலு. ரெண்டு பேருக்கும் அதுவரைக்கும் கல்யாணம்னு ஒண்ணு ஆகல. விஷயத்தைச் சொன்னதும் என் தங்கச்சி யூட்டே போன்ல கேட்டா, அண்ணே, வெயில்ல தொப்பி போட்டுக்கிறியா இல்லியான்னு.

அப்புறம் டென்மார்க்குக்கு மனு போட்டோம். ஏம்மா, நான் அங்க பொறந்தவன். பதினேழு வயசுல இருந்து வரி கட்டினவன். என் பெண்டாட்டியைக் கூட்டிட்டு வர என்னென்ன கேட்டாங்க தெரியுமா. பேங்குல இவ்வளவு தொகையைத் தொடாம போட்டு வைக்கணும். நான் குடியிருக்குற இடம் அவங்க மோசம்னு ஒதுக்கின பேட்டைங்க பட்டியல்ல இருக்கக்கூடாது. அவளுக்கு இது தெரியணும், அது தெரியணும். பதினாலு மாசம் கழிச்சு முடியாதுன்னு ஒரு கடுதாசி.

பட்டறையில கூட வேலை பாத்தவன் ஒருத்தன்தான் சொன்னான். ஏன்யா மண்டையை உடைச்சுக்கிற, பாலத்தைத் தாண்டிப் போ. அங்க ஒரு வேலையைப் பிடி, வீடு எடு. அங்க போயிட்டா நீ டென்மார்க்காரன் இல்ல, ஐரோப்பாக்காரன். உன் பெண்டாட்டியை யாரும் தடுக்க முடியாதுன்னான். நான் நம்பல. சொந்த வீட்டுல கிடைக்காதது பக்கத்து வீட்டுல கிடைக்குமான்னு கேட்டேன். கிடைக்கும்மா. ரயில்ல முப்பத்தஞ்சு நிமிஷம், வேற சட்டம். மால்மோ பஸ் டிப்போவுல வாரத்துக்கு நாலு நாள் வேலை, மூணாவது மாடியில ரெண்டு ரூம் வீடு. போன வருஷம் செப்டம்பர்ல வந்தேன்.

ஊரெல்லாம் நல்ல ஊர்தான், வரீங்கல்ல, பாப்பீங்க. சுவீடன்காரன் வரிசையில நிக்கிறதுக்குன்னே பொறந்தவன், ரொட்டிக் கடையில கூட நம்பர் சீட்டு எடுக்கணும். நான் பேசுறது அவங்களுக்குப் புரியும், நம்பரைச் சொன்னா மட்டும் முழிப்பாங்க. நாங்க தொண்ணூறுன்னு சொல்றது அவங்க காதுல என்னவோ இருமுற மாதிரி விழுமாம். லுயாண்டோ சுவீடிஷ் வகுப்புக்குப் போறா, இப்ப அவதான் எனக்குத் திருத்துறா.

அவளைக் கூட்டிட்டு வர சாம்பியாவுக்கு நானே போனேன். ஏர்போர்ட்டுல கவுண்ட்டர்ல இருந்த தம்பி அவ பாஸ்போர்ட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாக்குறான். திரும்பிப் போற டிக்கெட் எங்கன்னான். இல்லப்பா, அவ என்கூட இருக்கப் போறான்னேன். ஹோட்டல் பதிவு எங்க. வீடு இருக்குதுப்பா. அப்ப ஏத்த முடியாதுன்னுட்டான். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிடுச்சு, கத்த ஆரம்பிச்சேன். இவ என் கையைப் பிடிச்சு நிறுத்தினா. நான் அச்சடிச்சு வச்சிருந்த ஐரோப்பாச் சட்டக் காகிதத்தை அவன் முன்னாடி வச்சு, தம்பி, கோடு போட்ட வரியைச் சத்தமாப் படிங்கன்னா. அவன் வாய்க்குள்ள முணுமுணுத்தான். பின்வரிசைக்குக் கேக்கல, இன்னும் சத்தமான்னா. எங்களுக்குப் பின்னாடி நின்ன நாப்பது பேரும் கேக்க அவன் படிச்சான். படிச்சு முடிச்சதும் அவனுக்கே விளங்கிடுச்சு, பெட்டியை எடைக்கு வைங்கன்னான். அவ தேங்க்ஸ் கூடச் சொல்லல, நல்லாப் படிச்சீங்கன்னு மட்டும் சொன்னா.

போன வருஷம் நவம்பர் பதினஞ்சு, மால்மோவுல வந்து இறங்கினோம். மழையும் குளிருமா அப்படி ஒரு நாள். அவ கோட்டுக்குள்ள கோட்டு போட்டுக்கிட்டு பால்கனியில நின்னு, சூரியனுக்கும் உங்க ஊர்ல அனுமதி கிடைக்கலையான்னு கேட்டா.

இல்ல, சும்மா இல்ல அவ. வசந்தம் வரைக்கும் மொழி படிச்சா. இப்ப ஆகஸ்ட்ல இருந்து பக்கத்துப் பள்ளிக்கூடத்துல கணக்குக்கு உதவி டீச்சர். ஊர்ல பதினெட்டு வருஷ கவர்மென்ட் வேலையை எழுதிக் கொடுத்துட்டு வந்தவம்மா, திரும்பிப் போனா அந்த நாற்காலி காலியா இருக்காது. அம்மா இருந்த வீட்டையும் தம்பிக்கு விட்டுக் கொடுத்துட்டுத்தான் வந்தா. அப்ப ஏர்போர்ட்டுல யாரும் அவகிட்ட, உனக்குத் திரும்பிப் போக இடம் இருக்கான்னு கேக்கல, டிக்கெட் இருக்கான்னுதான் கேட்டாங்க.

இப்பவா? இப்ப தங்கச்சி வீட்டுல இருந்துதான் வரேன். ஹெல்சிங்கோர்ல இருக்கா. ஒரே சண்டை. கீழ் ரூமை எனக்காகக் காலி பண்ணி, கட்டில் போட்டு, திரையெல்லாம் தைச்சு மாட்டி வச்சிருக்கா. ஜன்னலைத் திறந்தா கடல். அண்ணே, உன் நாட்டுக்கு வந்துடு, நான் பாத்துக்கிறேன், லுயாண்டோவும் வந்து போய் இருக்கட்டும்னு அழுறா. முடியாது யூட்டேன்னேன். அப்படி என்ன சுவீடன் உனக்கு ஒட்டிக்கிச்சு, அந்த டிப்போவா உனக்குப் பெரிசாப் போச்சுன்னு கேட்டா. மீனை ரொட்டியில வச்சுக் கொடுத்துட்டு, நான் ஒரு வாய்தான் சாப்பிட்டேன்னு அதுக்கும் அழுதா. காரணத்தைச் சொல்லிப் புரிய வைக்கலாம். ஆனா யூட்டே வாயில ரகசியம் தங்காது. சாயங்காலமே லுயாண்டோவுக்குப் போன் போட்டுடுவா.

இதோ வந்துட்டாங்க. எடுத்துக் கொடுங்க. சிரிக்கணும்னு இல்ல, சாதாரணமா இருங்க. என்னோடது இந்தாங்க சார். ஆமா, மால்மோவுலதான்.

பாத்தீங்களா, அவ்வளவுதான். என்ன கேட்டாரு, யார்கிட்ட போறீங்கன்னா? நல்லாச் சொன்னீங்க. தண்ணி குடிங்க, இந்தாங்க, நான் இன்னும் திறக்கல. எனக்கு வேண்டாம், குடிச்சா வயித்துல நிக்க மாட்டேங்குது.

அதுவா. கணையத்துல புத்துநோய். ஜூன்ல கண்டுபிடிச்சாங்க. வயித்துவலின்னு போனேன், படம் எடுத்தாங்க, டாக்டரம்மா நாற்காலியை என் பக்கத்துல இழுத்துப் போட்டு உக்காந்தாங்க, அப்பவே விளங்கிடுச்சு. மருந்து ஏத்தினா ரெண்டு மூணு மாசம் கூடக் கிடைக்கலாம், ஆனா படுத்தி எடுக்கும், உங்க உடம்பு தாங்குமான்னு சந்தேகம்னாங்க. நான் யோசிக்கவே இல்ல, வேண்டாம்னுட்டேன். வாந்தி எடுத்துக்கிட்டு மூணு மாசம் எதுக்கு. பால்கனியில உக்காந்து அவகூட சோளக்களி தின்னுட்டுப் போறேன்னேன். லுயாண்டோ அன்னிக்குக் குளியல் ரூம்ல குழாயைத் திறந்துவிட்டுட்டு ரொம்ப நேரம் உள்ளயே இருந்தா.

வருத்தப்படாதீங்க, நான் நல்லாத்தான் இருக்கேன் இப்ப. ரயில் நகருது பாருங்க. நீங்க கடைசி வரைக்கும் போகணும், மால்மோ சென்ட்ரல். நான் அடுத்த ஸ்டேஷன்ல இறங்கணும்.

இல்ல, மருந்து விஷயத்துல மனசை மாத்திக்கிட்டேன். போன மாசம் வெளிநாட்டுக்காரங்களுக்கு இலவசமாச் சட்டம் சொல்ற ஒரு வக்கீலம்மா கிட்ட போனேன். சும்மாதான் போனேன், எனக்கப்புறம் வீட்டு வாடகைச் சீட்டை அவ பேருக்கு மாத்த என்ன பண்ணணும்னு கேக்க. அவங்க அதை விட்டுட்டு, உங்க மனைவி எப்ப வந்தாங்கன்னு கேட்டாங்க. நவம்பர் பதினஞ்சுன்னேன். பேனாவைக் கீழ வச்சுட்டாங்க. அவ இங்க இருக்குறதே என்னை வச்சுத்தானேம்மா. நான் டென்மார்க்குக்குத் திரும்பிக் குடிபோனா அவ உரிமை போயிடும். செத்தாலும் போயிடும். ஆனா அவ இங்க வந்து ஒரு வருஷம் முடிஞ்சதுக்கு அப்புறம் நான் செத்தா போகாது. வேலையும் இருக்குது, அவ பாட்டுக்கு இருக்கலாம். ஒரு வருஷத்துக்கு ஒரு நாள் குறைஞ்சாலும் கஷ்டம்னாங்க.

இன்னிக்குச் செப்டம்பர் நாலு. மருந்து இல்லாம அக்டோபர் கடைசி வரைக்கும் இழுக்கலாம்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. அது பத்தாது. அதான் திங்கக்கிழமை போய், மருந்தை ஏத்துங்க, எவ்வளவு தாங்குமோ அவ்வளவும் ஏத்துங்கன்னு சொல்லிட்டேன். இந்த வாரமே முதல் தடவை. எதுக்குத் திடீர்னுன்னு கேட்டாங்க, நவம்பர்ல ஒரு வேலை இருக்குன்னேன்.

தெரியாது, அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா மருந்தே வேண்டாம்னு மூட்டையைக் கட்டிடுவா, ஒரு காகிதத்துக்காகவா இந்தப் பாடுன்னு கேப்பா. எனக்குப் பிழைக்கணும்னு ஆசை வந்துடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கா. காலையில பாத்திரம் கழுவும்போது பாடுறாம்மா. ஜூன்ல இருந்து பாடாதவ.

நின்னுடுச்சு. வரேன். அதோ, மஞ்சள் கோட்டு போட்டுக்கிட்டு நிக்கிறாளே, அவதான். என் கைப்பையை வாங்க வந்திருக்கா. நீங்க ஜன்னல்ல கையைக் காட்டுனா அவளும் காட்டுவா. வேற ஒண்ணும் முகத்துல காட்டிக்காதீங்க.