நொண்டி என்றொரு துப்பாக்கி

ரேடியோக்காரர்: தப்பு! சுத்தத் தப்பு! காவல் கோபுரத்துல நிக்கிறவன் கையில போய் அந்தக் குட்டைத் துப்பாக்கியைக் கொடுத்திருக்கான் பாரு!

டெய்லரம்மா: கத்தாதீங்க அண்ணே, அளவு ஓடிப்போகுது. பொண்ணு கல்யாணத்துக்குக் கோட்டு வேணுமா, வேண்டாமா?

ரேடியோக்காரர்: கோட்டு கிடக்கு! கைதி முகாம் கதைன்னு டிவி நாடகம் எடுக்கிறவன், எந்தத் துப்பாக்கி எங்க இருந்துச்சுன்னு கேட்டுட்டு எடுக்க மாட்டானா?

டீச்சர்: யாரைக் கேட்கணும் சம்பந்தி? உங்களையா?

ரேடியோக்காரர்: ஏன், கேட்டா என்ன? போர் முடியிற வரைக்கும் கம்பி வேலிக்கு உள்ள கிடந்தவன் நான்.

டீச்சர்: அதனாலதானே என் பையனுக்கு உங்க வீட்டுல பொண்ணு எடுக்கிறேன். என் வீட்டுக்காரரும் உள்ள கிடந்து வந்தவர். இருந்திருந்தா பூரிச்சுப் போயிருப்பார். பள்ளிக்கூட மண்டபத்துக்கே அவர் பேரு...

டெய்லரம்மா: தெரியும் டீச்சர். வாராவாரம் நீங்களே சொல்றீங்களே.

டீச்சர்: வாயைப் பாரு இவளுக்கு!

டெய்லரம்மா: அண்ணே, அப்போ கோபுரத்துல எது இருக்கணும்?

ரேடியோக்காரர்: நீளத் துப்பாக்கி. ஒரு தடவை சுட்டா, கம்பியைப் பின்னால இழுத்துத் தள்ளணும். அப்புறம்தான் அடுத்தது. தூரத்துல ஓடுறவனுக்கு அதுதான் சரி.

டெய்லரம்மா: இந்தக் குட்டை?

ரேடியோக்காரர்: அது வாசல்ல நிக்கிறவனுக்கு. தோட்டாப் பெட்டி கீழ இருக்காது, பக்கவாட்டுல நீட்டிக்கிட்டு நிக்கும். அட, அவன் அந்தப் பெட்டியையே பிடிச்சுக்கிட்டுச் சுடுறான் பாரு! அப்படிப் பிடிச்சா தோட்டா சிக்கிக்கும்டா, மடையா!

டெய்லரம்மா: ரிப்பேருக்கு வந்த டிவி அண்ணே. அதுக்குக் காது கேட்காது.

டீச்சர்: ரொம்பக் கூர்மையாப் பார்த்திருக்கீங்க...

ரேடியோக்காரர்: பயம் சம்பந்தி. பயத்துல பார்த்தது மறக்காது.

டெய்லரம்மா: எங்க பிடிச்சா தோட்டா சிக்கும்னுகூடவா பயத்துல தெரியும்?

ரேடியோக்காரர்: நீ தோளை அள.

டெய்லரம்மா: எங்க அளக்கிறது? நேரா நில்லுங்க. ஏன் ஒரு பக்கமா சாயறீங்க?

ரேடியோக்காரர்: காட்டுறேன்ல! உன் டேப்பையும் ஸ்கேலையும் கொடு... இப்படித் தோள்ல மாட்டினா, பெட்டி விலாவுல குத்தும். உடம்பு தானா ஒரு பக்கம் இழுக்கும். நடந்தா நொண்டுற மாதிரியே இருக்கும். நொண்டின்னுதான் பேரே அதுக்கு. நொண்டியை மாட்டிக்கிட்டு ஒரு ராத்திரி முழுக்க நின்னு பார்த்தா தெரியும்...

டெய்லரம்மா: யார் நின்னு பார்த்தா?

ரேடியோக்காரர்: இந்தா, உன் ஸ்கேலைப் பிடி.

டெய்லரம்மா: யார் விலாவுல குத்தும் அண்ணே?

ரேடியோக்காரர்: மாட்டுறவன் விலாவுல. பின்ன உன் விலாவுலயா?

டீச்சர்: டிவியை அணைங்க.

ரேடியோக்காரர்: சம்பந்தி, நான் சொல்ல வந்தது...

டீச்சர்: அணைங்கன்னேன்.

டெய்லரம்மா: அணைச்சாச்சு டீச்சர்.

டீச்சர்: நொண்டிங்கிற பேரை உங்களுக்கு யார் சொன்னது?

ரேடியோக்காரர்: எல்லாரும் சொல்றதுதானே... முகாம்ல...

டீச்சர்: முகாம்ல எந்தப் பக்கம்?

ரேடியோக்காரர்: டீ ஆறுது. எடுத்துக்குங்க.

டீச்சர்: வேலிக்கு எந்தப் பக்கம்?

டெய்லரம்மா: மெதுவா டீச்சர். கல்யாணப் பொண்ணு உள்ளதான் இருக்கு.

ரேடியோக்காரர்: ...மீசை முளைக்காத வயசு. உடுப்பு கொடுத்தாங்க, சோறு போட்டாங்க, கையில அதைக் கொடுத்தாங்க. எல்லாம் முடிஞ்சப்ப உடுப்பைக் கழட்டி எரிச்சுட்டு, வெளிய வந்த கூட்டத்தோட கூட்டமா நடந்துட்டேன். வழியில யாரோ கேட்டாங்க, உள்ள இருந்தியா தம்பின்னு. தலையை ஆட்டினேன். அன்னிக்கு ஆட்டின தலையை இன்னிக்கு வரைக்கும் நிறுத்த முடியல.

டெய்லரம்மா: சுட்டீங்களா?

ரேடியோக்காரர்: அளவெடுக்க வந்தவ அளவோட பேசு.

டெய்லரம்மா: சுட்டீங்களான்னு கேட்டேன்.

ரேடியோக்காரர்: சுடுறது கோபுரத்துக்காரன். நான் வாசல்.

டெய்லரம்மா: வாசல்ல இருந்தவங்களும் சுட்டாங்க.

ரேடியோக்காரர்: ...சம்பந்தி, என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க. என் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. கல்யாணத்தை மட்டும் நிறுத்திடாதீங்க. கையெடுத்துக் கும்பிடுறேன்.

டீச்சர்: நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு நிறுத்துறது?

ரேடியோக்காரர்: என்ன சொல்றீங்க?

டீச்சர்: என் வீட்டுக்காரர் தூக்கத்துல புலம்புவார். "என் முறை முடிஞ்சுது, நொண்டியை நீ வாங்கிக்கோ"ன்னு. நொண்டின்னா யாரோ பழைய சிநேகிதின்னு நினைச்சு அஞ்சாறு வருஷம் சண்டை போட்டிருக்கேன்.

டெய்லரம்மா: அடப்பாவமே!

டீச்சர்: சிரிக்காதே. கடைசியில ஒரு நாள் உட்கார வெச்சு, தானும் அங்க காவல் நின்னவன்தான்னு சொன்னார். சிநேகிதியாவே இருந்திருக்கலாம்னு தோணிச்சு.

டெய்லரம்மா: அப்போ... அந்த மண்டபம்?

டீச்சர்: கல்லுல செதுக்கியாச்சு. யார் போய் அழிக்கிறது?

ரேடியோக்காரர்: தேதி...?

டீச்சர்: வெச்ச தேதி வெச்சதுதான். டெய்லரம்மா, உன் வாய்...

டெய்லரம்மா: தைச்சுட்டேன் டீச்சர். கையைத் தூக்குங்க அண்ணே. மார்பு அளவு இன்னும் பாக்கி.

*

ரேடியோக்காரர்: வாங்க சம்பந்தி. கல்யாணம் முடிஞ்சு அதுங்க ரெண்டும் துறைமுகத்துப் பக்கம் குடிபோனதுலேர்ந்து வீடு வெறிச்சுனு கிடக்கு. போன் வந்துச்சா?

டீச்சர்: வந்துச்சு. நல்லா இருக்காங்க. சமையல் இன்னும் உங்க மாப்பிள்ளைதானாம்.

ரேடியோக்காரர்: தெருவுல ஒரு பேச்சும் கிளம்பலையே, கவனிச்சீங்களா? அடுத்த வீட்டு வம்பை அரை நாள் வெச்சுக்க மாட்டாத டெய்லரம்மா, இதை எப்படி அடக்கிக்கிட்டு இருக்கா?

டீச்சர்: தெருவுல இருந்தாத்தானே பேச. நேத்து மெஷினை வண்டியில ஏத்திக்கிட்டு, தங்கச்சி ஊருக்கே குடிபோயிட்டா.

ரேடியோக்காரர்: என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமயா? நான் என்ன பண்ணினேன் அவளை?

டீச்சர்: என் வாசல்ல நின்னு சொல்லிட்டுத்தான் போனா. "அதுக்கு நொண்டின்னு பேரு, பெட்டி பக்கவாட்டுல இருக்கும்னெல்லாம் அன்னிக்குத்தான் டீச்சர் தெரிஞ்சுக்கிட்டேன். நாங்க பார்த்ததில்ல. அது வரும்போது சுவரைப் பார்த்து நிக்கணும், சத்தம் மட்டும் முதுகுக்குப் பின்னால, இருமுற மாதிரி. வேலிக்கு உள்ள நாங்க அதுக்கு வெச்சிருந்த பேரு இருமல்காரி"ன்னா.