கிழங்கு ரோஸ்ட்டும் காமாக்ஷியின் வயிறும்

அடுத்த விசில் வருவதற்குள் அடுப்பை அணைத்தாக வேண்டும். படித்துக்கொண்டிருந்த பேப்பரை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன், டாக்டர். வேட்டி தடுக்கியது, முழங்கால் கதவில் இடித்தது. ஆனாலும் குக்கர் சீறுவதற்குள் குமிழைத் திருகிவிட்டேன். இன்று காலை நடந்தது இது. சமையலில் நேரம்தான் எல்லாம்.

காமாக்ஷியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "அங்கிள், வீட்ல யார் சமையல்?" என்று கேட்டீர்களே, அதற்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான்தான்.

என் மனைவிக்குக் கல்யாணமான நாளிலிருந்தே பூஞ்சை வயிறு. பக்கத்து வீட்டில் கொண்டைக்கடலை ஊறப்போட்டால் இங்கே இவளுக்கு ஏப்பம் வரும். டாலஸில் இருக்கும் எங்கள் பெண் அனன்யாவுக்குப் பிரசவத் தேதி குறித்ததும், "நீ ஓய்வெடு, பயணத்துக்குள்ள உன் வயித்தைத் தேத்தறது என் பொறுப்பு" என்று சொல்லிச் சமையலறையை நான் எடுத்துக்கொண்டேன்.

உங்களிடம்தான் யோசனையும் கேட்டேன். இதே நாற்காலியில் உட்கார்ந்துதான். பருப்பைக் குறையுங்கள், கிழங்கு பரவாயில்லை என்றீர்கள். தோல் சீவி, குழைய வேகவைத்து, வெந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, சீரகமும் பெருங்காயமும் போட்டு, கொஞ்சமாக எண்ணெய் விட்டு ரோஸ்ட் செய்யச் சொன்னீர்கள். எல்லாவற்றையும் செய்தேன். தண்ணீர்த்துறை மார்க்கெட்டில் சேப்பங்கிழங்கைக் கையால் பொறுக்கி வாங்கினேன். தொண்டை அரிக்காமலிருக்கப் புளித்தண்ணீரில் ஊறவும் வைத்தேன். அரித்தால் குட்டு உடைந்துவிடும்.

குழைய வேகவைப்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

ரோஸ்ட்டின் அழகே அதுதான், டாக்டர். அரைவேக்காட்டில் எடுத்து இரும்புக் கல்லில் பொன்னிறமாக முறுகவிட்டால், உள்ளே என்ன சேதி என்று யாரும் கேட்பதில்லை. வெளியே மொறுமொறு, உள்ளே பிடிவாதம். காமாக்ஷிக்குப் பல்செட். கடிக்கக் கெட்டியாக இருந்தால் அவள் பல்செட்டைத்தான் சந்தேகப்படுவாள். என் பங்கு மட்டும் தனியாகத் திரும்பக் குக்கருக்குள் போகும். எனக்கும் வயசாகிறது அல்லவா.

எங்கள் அபார்ட்மென்டில் என் பெயர் ஓகோவென்று ஆகிவிட்டது. எதிர் ஃப்ளாட் தேவானை தன் வீட்டுக்காரரிடம், "சுப்பராமன் சாரப் பாருங்க, பொண்டாட்டிக்கு வடிச்சுக் கொட்டறாரு. நீங்க தண்ணி கூட எடுத்துக் குடிக்க மாட்டீங்க" என்று தினமும் ஓதி, பாவம், அந்த மனிதர் லிஃப்டில் என்னைக் கண்டால் படியில் இறங்க ஆரம்பித்துவிட்டார்.

மாட்டிக்கொள்ளப் பார்த்தது ஒரே ஒருத்தியிடம்தான். பாத்திரம் தேய்க்கும் சொர்ணம் தட்டில் மிஞ்சிய ஒரு துண்டை அமுக்கிப் பார்த்தாள்.

"இன்னா சார் இது, உள்ள கல்லாட்டம் கீது?"

"அது வெளிநாட்டு முறை, சொர்ணம்."

"ஏன், வெளிநாட்டுல கேஸ் தீந்துபூட்ச்சா? இத்தத் துன்னா அம்மாவுக்கு வவுறு உப்பாம இன்னா பண்ணும்?"

அன்றிலிருந்து பாத்திரம் தேய்ப்பதையும் நானே எடுத்துக்கொண்டேன். தேவானை அம்மாள் இதையும் தெரிந்துகொண்டார். எதிர் ஃப்ளாட்காரர் இப்போது என்னைப் பார்த்தால் முகத்தையே திருப்பிக்கொள்கிறார்.

நடுவில் காமாக்ஷி வேளச்சேரியில் தங்கை வீட்டுக்குப் போய்த் தங்கினாள். திரும்பி வந்தபோது கன்னம் மின்னியது. நீங்கள் சந்தேகப்பட்டதும் அங்கேதானே? அங்கே நன்றாக இருக்கிற வயிறு இங்கே மட்டும் ஏன் உப்புகிறது என்று. கெட்டிக்காரர் நீங்கள்.

வந்ததும் வராததுமாகப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டாள். பேரக்குழந்தைக்கென்று தைத்த மல் துணிச் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, குழந்தை ஏற்கெனவே அதற்குள் இருப்பதுபோல முகர்ந்து பார்த்து அடுக்கினாள். "நான் போய் நின்னாதான் அவளுக்குத் தைரியம் வரும். ஏன்னா, இல்லையா?" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடுதான் அன்று சேனைக்கிழங்கை நறுக்கினேன்.

சாப்பிட்டுப் படுத்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "ஏன்னா, அம்மிக்கல்ல முழுங்கினாப்ல இருக்கு. இந்த லட்சணத்துல நான் எப்படி அவ்வளவு தூரம் போவேன்?"

நான் கொடுமைக்காரன் இல்லை, டாக்டர். எழுந்துபோய் ஓமத் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொடுத்ததும் நான்தான், முதுகைத் தடவிக்கொடுத்ததும் நான்தான். "உங்களாட்டம் யார் பார்த்துப்பா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள். அப்படியே பெட்டியும் மூடி ஓரமாகப் போயிற்று.

ஏன் செய்தேன் என்கிறீர்கள். அவள் நல்லதுக்குத்தான். அத்தனை மணி நேரம் கால் நீட்ட முடியாமல் உட்கார வேண்டும். அந்த ஊர்க் குளிர் இவளுக்கு ஆகாது. பிரசவத்துக்கு அங்கே நர்ஸுகள் இருக்கிறார்கள், மாப்பிள்ளை சாய்சரண் இருக்கிறான், குக்கரும் இருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமைப் பயணத்துக்கு இவள் போகலாம் என்று நீங்கள் கடிதம் கொடுத்தால் போவாள். வேண்டாம் என்று எழுதினால் மறுபேச்சுப் பேசாமல் இருந்துவிடுவாள். உங்கள் பேச்சுக்கு அவ்வளவு மரியாதை. ஒரே வரி எழுதுங்கள், நாளை முதல் கிழங்கைக் கூழாக வேகவைக்கிறேன்.

"ஆன்ட்டி இல்லாம தனியா இருக்கணுமேன்னு பயமா, அங்கிள்?" என்று இவ்வளவு பரிவாகக் கேட்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கேட்க அழகாக இருப்பதால் நானும் மறுக்கவில்லை. ஆனால் கதவு சாத்தியிருக்கிறது, நீங்களும் கண்ணைப் பார்த்துக் கேட்டுவிட்டீர்கள்.

டிக்கெட் ஒன்று இல்லை, டாக்டர். இரண்டு. அனன்யா எனக்கும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறாள், ஜன்னலோரமாக. அவள் கல்யாணத்துக்கு டெல்லி போனபோது, "நாட்டைப் பார்த்துண்டே போகணும்" என்று பிரசங்கம் செய்து மொத்தக் குடும்பத்தையும் ரயிலில் ஏற்றியவன் நான். எனக்கு விமானம் என்றால் பயம். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சொன்னால் காமாக்ஷி சிரிப்பாள்.