ரெட்டோவிடம் சொன்ன சொல்

இரவு பதினொரு மணி தாண்டியிருக்கும். மலைப் பாதை. ஒரு பக்கம் ஆளுயரப் பனிச்சுவர், மறுபக்கம் பள்ளம். தலைக்கு மேலே, நிறுத்திவைத்த ஸ்கீ லிப்டின் வெறுங்கதிரைகள் காற்றில் ஆடுகின்றன... கிரீச்... கிரீச். அந்தப் பாதையில் ஒருத்தன் தனியே நடந்து வருகிறான்...

“பொய்!” என்றாள் ரமா.

“பொய்யெண்டால் எழும்பிப் போய் அந்தத் திரையை இழுத்துவிட்டுட்டு வா” என்றேன்.

அவள் அசையவில்லை. ஒருவரும் அசையவில்லை. லண்டன் செவன் கிங்ஸில், நிர்மலா வீட்டு முன்னறை. பிள்ளையின் பிறந்தநாளுக்கு வந்தவர்கள் பனியில் மாட்டிக்கொண்டோம். ரயில் இல்லை, பஸ் இல்லை. ஹீட்டரைச் சுற்றி, ஒரு போர்வைக்குள் நாலு காலாகக் கிடந்தோம். பேய்க் கதை கேட்டது அவர்கள்தான். பிறகு என்னை நோகக்கூடாது.

நடந்து வந்தவன் செபமாலைமுத்து. மன்னார்ப் பெடியன். என் சிநேகிதன் கிறிஸ்துராஜாவின் தங்கை டொலறஸைக் கட்டியவன். கலியாணம் முடிந்த கையோடு சுவிஸுக்கு ஓடினான். டொலறஸ் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தாள். அவளை ஒருநாள் கண்ணால் கண்டுவிட வேண்டும். அவனுக்கு வேறு ஆசை இருக்கவில்லை, பாவம்.

அவனுக்கு வேலை கிடைத்தது மலையுச்சியில், ஸ்கீ விளையாடப் பணக்காரர்கள் வரும் ஊரில். இரண்டு மலைகளுக்கு நடுவில் ஒடுங்கிய ஊர். மேலே ஏற ஒரு பாதை, ஒரு சின்ன ரயில். மாரியில் வெயில் மத்தியானத்தோடு மலைக்குப் பின்னால் போய்விடும். பிறகு எல்லாம் நீலம்... வீடு, பனி, மனிதர் முகம், எல்லாம். ஹோட்டல்களில் மட்டும் வெளிச்சமும் கூத்தும். முத்து ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினான். கூட வேலை செய்த தமிழன் தில்லையம்பலம் மட்டும்தான். யாழ்ப்பாணத்தான், வாய் கொஞ்சம் கூட.

வேலையாட்கள் தங்குமிடம் ஊருக்கு மேலே, லிப்ட் கதிரைகள் ஆடும் அந்தப் பாதையின் முடிவில். தினமும் நடுச்சாமத்தில் ஏறவேண்டும். முதல் மாதமே முத்துவுக்குக் கால்விரல் விறைத்து நகம் கழன்றது. அப்போதுதான் ரெட்டோ வந்தான். அந்த ஊர்க்காரன். இரவிரவாகப் பனி மெஷின் ஓட்டுவது அவன் வேலை. ஆட்கள் சறுக்கிக் கிளறிய சரிவை எல்லாம் மெஷின் மட்டமாக்கிக்கொண்டு போகும். போன இடம் சீப்பால் இழுத்த தலைபோல வரிவரியாகக் கிடக்கும். வாயில் எப்போதும் சுருட்டு. ஒருநாள் நிறுத்தி, ஏறு என்று கையைக் காட்டினான். அதற்குப் பிறகு தினமும் ஏற்றினான்.

பாஷை? இவனுக்கு அவன் பாஷை தெரியாது, அவனுக்கு இவன் பாஷை தெரியாது. ஆனால் இறங்கும்போது முத்து பழக்கத்தில் “போட்டு வாறன்” என்பான். நாங்கள் ஆரும் “போறன்” என்று சொல்லிவிட்டு வாசல் தாண்டுவோமா? அதற்கு என்ன மறுமொழி என்று ரெட்டோ சைகையால் கேட்டான். சுணங்காமல் சீக்கிரம் வரச்சொல்லும் மறுமொழியை முத்து சொல்லிக்கொடுத்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு இரவும், சுருட்டைக் கடித்தபடி, தடித்த குரலில் ரெட்டோ சொல்லுவான்.

“ஓம்... கெதியா வாங்கோ.”

தை மாதம் ஒருநாள் மலை சரிந்தது. பெரிய சத்தம் எல்லாம் இல்லையாம்... ஒரு பெருமூச்சு விட்டதுபோலத்தானாம். மெஷினோடு ரெட்டோவை மூடிவிட்டது. நீளக் கம்பிகளால் குத்திக் குத்தித் தேடி, பின்னேரம் எடுத்தார்கள். கீழே கொண்டுபோகப் பாதையும் இல்லை, ரயிலும் இல்லை, இரண்டையும் பனி அடைத்துவிட்டது. அதனால் மெஷின் நிற்கும் கொட்டகையிலேயே கிடத்தி, கம்பளியால் மூடி, எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

பிரேதத்தைத் தனியே விட்டுவிட்டு!

முத்துவால் தாங்க முடியவில்லை. எங்கள் ஊரில் அப்படி விடுவார்களா? வேலை முடிந்து நேரே கொட்டகைக்குப் போனான். மெழுகுதிரி கொளுத்தி, செபமாலை சொல்லிக்கொண்டு விடியும்வரை இருந்தான். டீசல் மணம், சுருட்டு மணம், கூரையிலிருந்து உருகிச் சொட்டும் தண்ணீர்... சொட்... சொட். விடியற்புறம் தில்லையம்பலம் அவனை வேலைக்குக் கூப்பிட வந்தான். முத்து எழும்பி, கம்பளியைச் சரிசெய்து, நித்திரைக் கண்ணோடு, பழக்கத்தில்...

“போட்டு வாறன், ரெட்டோ.”

தில்லையம்பலம் அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்தான். “விசரா! செத்த இடத்தில ஆரும் வாறனெண்டு சொல்லுவினமே?”

செத்தவீட்டில் சொல்லாமல்தான் எழும்பிப் போகவேண்டும். அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முத்துவுக்கும் தெரியும். ஆனால் வாயிலிருந்து விழுந்த சொல்லை என்ன செய்வது?

அன்றிரவுதான் அவன் நான் முதலில் சொன்ன பாதையில் தனியே நடந்தான். பின்னால் மெஷின் சத்தம்... தட-தட-தட... மஞ்சள் விளக்கு பனிச்சுவரில் சுற்றிச் சுற்றி அடித்தது. ஒதுங்கி நின்றான். வெளிச்சம் அவனைத் தாண்டியது. சத்தம் தாண்டியது. மெஷின் வரவில்லை. சுருட்டு மணம் மட்டும் நின்றது.

காலையில் கதவைத் திறந்தான். புதுப் பனியில், பாதையிலிருந்து அவன் அறை வாசற்படிவரை, வரிவரியாகச் சீவியிருந்தது. வந்த தடம் இருந்தது. திரும்பிய தடம் இல்லை.

ஒவ்வொரு காலையும் அப்படித்தான். பாதை திறந்து, ரெட்டோவைக் கீழே கொண்டுபோய்ப் புதைத்த பிறகும்.

“வாறனெண்டு சொன்னனி. அவன் பாத்துக்கொண்டு நிக்கிறான்” என்றான் தில்லையம்பலம். “அவனைத் தாட்ட இடத்துக்கு ஒருக்காப் போ. போய் நிண்டுட்டு, ஒண்டும் சொல்லாமல் திரும்பி வா. அவ்வளவுதான்.”

நல்ல யோசனை. நான் என்றாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் முத்துவுக்குப் பயம். போனால் திரும்ப விடுவானோ என்ற பயம். அந்த நேரம் பார்த்து, டொலறஸ் லண்டன் வந்து சேர்ந்துவிட்டாள் என்று கிறிஸ்துராஜா போன் எடுத்தான். முத்து ரெட்டோவிடம் போகவில்லை. அடுத்த சின்ன ரயிலில் மலையிறங்கி, எப்படியோ லண்டன் வந்து சேர்ந்தான்.

மனோர் பார்க்கில் ஒரு வீடு. இரவில் பெற்றோல் ஷெட்டில் வேலை. டொலறஸ் வயிற்றில் பிள்ளை. மலையூரைப் பற்றி அவளிடம் மூச்சுக்கூட விடவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரி பயந்துபோவாள் என்று நினைத்திருப்பான். “லண்டனில பனி எங்கையப்பா கொட்டுது, நல்ல ஊர்” என்று மட்டும் அடிக்கடி சொல்லுவானாம். அவள் சிரிப்பாளாம்.

அடுத்த வருடம், தொண்ணூற்றொன்று மாசியில் பனி கொட்டியது. நினைவிருக்கா? லண்டனே படுத்துக் கிடந்தது. அன்றிரவு முத்து வேலைக்குப் போகவில்லை.

அன்று காலை டொலறஸ் அழுதுகொண்டு போன் எடுத்தாள். கிறிஸ்துராஜா நடந்தே போனான். வாசற்கதவு திறந்து கிடந்தது. முத்துவின் கோட் கொளுக்கியில். சப்பாத்து கதவுக்கு உள்பக்கம். முத்து இல்லை. தெருவில் ஒரு கார் அசையவில்லை, கவுன்சிலின் உப்பு லொறிகூட வரவில்லை. ஒரு காலடிகூட இல்லை. ஆனால்...

வாசற்படியிலிருந்து தெரு முனைவரைக்கும் பனி வரிவரியாகச் சீவிக் கிடந்தது. முனையில், நட்டநடுத் தெருவில், கத்தரித்ததுபோல நின்றது.

பொலிஸ் வந்தது, பார்த்தது, போனது. முத்துவை இன்றுவரை ஒருவரும் காணவில்லை. பிறகு தில்லையம்பலம் போனில் எல்லாவற்றையும் சொன்னபோதுதான் ரெட்டோ என்று ஒருத்தன் இருந்ததே கிறிஸ்துராஜாவுக்குத் தெரியும். டொலறஸுக்கு அவன் அதைச் சொல்லவே இல்லை.

ஆனால் அன்று காலையே, ஒன்றும் தெரியாத டொலறஸ், அண்ணனிடம் ஒரு விஷயம் சொன்னாள்.

விடியற்காலையில் முழிப்பு வந்ததாம். கீழே சுருட்டு மணம். முத்து படியிறங்கும் சத்தம். இவள் வயிற்றோடு எழும்பமுடியாமல் கட்டிலில் இருந்தபடி கேட்டாளாம்: “எங்கையப்பா இந்த நேரத்தில?”

கீழேயிருந்து முத்து சொன்னானாம்.

“போறன்.”

டொலறஸுக்குக் கோபம் வந்துவிட்டது. “உதென்ன கதை, போறனெண்டு? போட்டு வாறனெண்டு சொல்லுங்கோ!” என்று கத்தினாளாம்.

கதவு திறந்தது. குளிர் படியேறி வந்தது.

“பிறகு வெளியில நிண்டு ஒரு ஆள் கதைச்சது, அண்ணை” என்றாளாம் டொலறஸ். “வெள்ளைக்காரன்ரை குரல்... ஆனால் தமிழ்.”

“என்ன சொன்னவன்?”

“ஓம்... கெதியா வாங்கோ.”