பின்னால் பார்த்துக்கொள்பவன்

காபி ஆறினால் ஆறட்டும் ஐயா, பரவாயில்லை. எனக்கு எதிலும் அவசரம் கிடையாது. பிலிம் கேமரா பழக்கிய நிதானம் அது. ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம்தான். ஒன்று வீணானாலும் வயிறு எரியும். வெளிச்சம் பார்ப்பேன், மூச்சை அடக்குவேன், ஒருமுறைதான் அழுத்துவேன். திருத்தணி மலைப்படியில் காவடி வரும்போதும் அப்படித்தான், வீட்டில் தமயந்தியை நிற்கவைத்து எடுக்கும்போதும் அப்படித்தான்.

தமயந்தி என் மனைவி. பூபாலன் அவளுடைய தம்பி; என்னை பாவா என்றுதான் கூப்பிடுவான். அரக்கோணத்தில் மருந்துக்கடை வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமையானால் இருவரும் கேமராவோடு கிளம்பிவிடுவோம். பிலிம் காலத்தில் அவன் எடுத்ததில் பாதி, தலை வெட்டுப்பட்டு வரும். நான் கேலி செய்வேன், அவனும் சிரிப்பான். அப்போதெல்லாம் அவன்மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம்.

டிஜிட்டல் வந்ததும் அவன் மாறிவிட்டான். சகட்டுமேனிக்கு அழுத்துவான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக ஏதாவது ஒன்று தேறிவிடும். போன ஆடிக் கிருத்திகையன்று தமயந்தி பூக்கட்டிக்கொண்டே சிரித்ததை அப்படித்தான் பிடித்தான். பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்தான். கல்யாணமான புதிதில் நான் எடுத்த படத்தைக் கழற்றிவிட்டு, அந்த ஆணியில் அவள் அதை மாட்டினாள்.

"தம்பி எடுத்ததுலதாங்க நான் நானா கீறேன். உங்க படத்துல எல்லாம் ரேஷன் கார்டுக்கு நின்னுகினு கீற மாதிரியே கீது" என்றாள்.

விளையாட்டாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். அன்று சோறு இறங்கவில்லை.

நானும் டிஜிட்டல் வாங்கினேன். அழுத்தியதும் கட்டைவிரல் பிலிம் சுற்றும் பிடியைத் தேடும். அங்கே ஒன்றும் இருக்காது. தமயந்தியை எடுத்துப் பார்த்தேன். ரேஷன் கார்டுதான் வந்தது.

ஒன்றைக் கவனித்தேன். பிலிமில் அழுத்தியதும் தலை நிமிரும். டிஜிட்டலில் அழுத்தியதும் தலை குனியும், திரையைப் பார்க்க. குனிந்துவிட்டால் பூபாலனுக்கு உலகம் தெரியாது. மலைப்பாதையில் ஒருமுறை பஸ் வந்தபோது நான்தான் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

மணவூர் தாண்டித் தண்டவாளம் வளையும் இடத்தில், பனைகளுக்கு நடுவே சூரியன் இறங்கும். ஒருவன் தண்டவாளத்தில் நின்று எடுப்பான். மற்றவன் ஓரத்தில் நின்று, வண்டி வந்தால் குரல் கொடுப்பான். ரோல் காலத்திலிருந்தே எங்களுக்குள் அதுதான் வழக்கம்.

போன ஞாயிறு அவன் தண்டவாளத்தில் ஏறி நின்றான். "பாவா, பின்னாடி பாத்துக்கோங்க" என்றான்.

"ஆங், பாத்துகினு கீறேன். நீ எடு."

பக்கத்துத் தடத்தில் கூட்ஸ் வண்டி இரைந்துகொண்டு போனது. அவன் நின்ற தடத்தில் எக்ஸ்பிரஸ் வந்தது. ஹாரன் அடித்தது; கூட்ஸ் அடிப்பதாக நினைத்திருப்பான். குனிந்து, திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். குரல் கொடுக்க நேரம் இருந்தது ஐயா. நிறையவே இருந்தது. நான் வெளிச்சம் பார்த்தேன். மூச்சை அடக்கினேன். ஒருமுறை அழுத்தினேன்.

அந்தப் படத்தை நீங்கள் என் கேமராவில் பார்த்துவிட்டீர்கள், இனி மறைக்க ஒன்றுமில்லை. வாக்குமூலத்தில் பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள். காரியத்துக்கு மாலை போட அவன் படம் ஒன்று தேடிக்கொண்டிருப்பார்கள். இதையே தமயந்தியிடம் கொடுங்கள். முகத்தை மட்டும் பெரிதாக்கினால் போதும். தம்பி இதில் தம்பியாகவே இருக்கிறான் என்று அவளே சொல்வாள்.