மேலிருந்து பார்த்த வண்டி

மேலே இருந்து பார்த்தால் எந்தக் காரும் தேய்ந்த சோப்புக் கட்டி மாதிரிதான் இருக்கும். அதைக் கார் என்று கண்ணுக்குப் புரியவைக்க நான்கைந்து கோடுகள் போதும். முன்கண்ணாடிக்கு ஒரு வளைவு, பின்கண்ணாடிக்கு அதைவிடத் தட்டையாக ஒன்று, இரண்டு பக்கமும் காது மாதிரி சின்னக் கண்ணாடிகள். கதவுப் பிடி, வைப்பர் என்று ஆசைப்பட்டு வரைந்தால், பிளானைத் தாளில் எடுக்கும்போது கார் நிற்கும் இடமெல்லாம் மை கொட்டியது போல் ஆகிவிடும். எதை விடுவது என்று தெரிவதுதான் இதில் வேலை.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், மேடம். அதனால்தான் இங்கிருந்து தொடங்குகிறேன். கட்டடங்களுக்குப் பிளான் போடும் ஆபீஸில் எனக்கு வண்டி வரைவது வேலை. கார், பஸ், ஆம்புலன்ஸ், குப்பை லாரி, எல்லாம் தட்டையாக, மேலிருந்து பார்த்தபடி. கம்ப்யூட்டரில் ஒருமுறை வரைந்து லைப்ரரியில் வைத்துவிட்டால், யார் வேண்டுமானாலும் அந்த சிம்பலை எடுத்துத் தங்கள் பிளானில் நிறுத்திக்கொள்ளலாம். ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ரப்பர் ஸ்டாம்பில் இல்லாத ஒரு குணம் இதற்கு உண்டு. ஸ்டாம்பைத் திருத்தினால், ஏற்கெனவே குத்திய முத்திரைகளும் தாமாகத் திருந்திக்கொள்ளும். இத்தனை வருடம் ஆகியும் எனக்கு இது வியப்புத்தான்.

ஆபீஸில் என்னைப் பொம்மைக்கடை என்பார்கள். "பொம்மைக்கடை, ஒரு பஸ் எடுத்து வைங்க, வந்து வாங்கிக்கறேன்" என்பார் எங்கள் தலைமை எஞ்சினியர் அம்மா. எங்கே போனாலும் கையில் ஸ்கேலோடு போவதால் அவருக்கு ஸ்கேலக்கா என்று பெயர். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன்.

ஒருமுறை ஒரு குடியிருப்புக்கு எல்லாரையும் லே-அவுட் போட்டுப் பார்க்கச் சொன்னார் முதலாளி. என்னுடையது அவருக்குப் பிடித்துவிட்டது. முன்னால் ஒரு கட்டடம், பின்னால் ஒன்று, நடுவில் தோட்டத்தைச் சுற்றி வளைந்து போகும் பாதை. அந்த வளைவுதான் அதன் உயிர். நடந்து வருகிறவருக்குப் பின் கட்டடம் சட்டென்று தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாக விரியும்.

ஸ்கேலக்கா அதைப் பார்த்துவிட்டு, தீயணைப்பு வண்டி அந்த வளைவில் திரும்பாது, தண்ணீர் மோட்டார் ரூமின் மூலையில் இடிக்கும், பாதையை நேராக்குங்கள் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பொம்மை விக்கிறவரு ரோடு போட்டா இப்படித்தான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். பிறகு, வேண்டிய நேரம் எடுத்துக்கொண்டு மாற்றிக் கொடுங்கள் என்று தன்மையாகவே சொன்னார். யாரும் என்னை நெருக்கவில்லை. அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் பாதையை மாற்றவில்லை. வண்டியை மாற்றினேன்.

எப்படி என்று சொல்கிறேன், கேட்டால் உங்களுக்கே பிடிக்கும். வண்டி ஒரு மூலையில் திரும்பும்போது முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும். இரண்டுக்கும் நடுவே தூரம் கூடக்கூட அந்த வெட்டும் கூடும். நீள பஸ்ஸில் பின்சீட்டில் உட்கார்ந்து போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். வண்டியையே சுருக்குவது முட்டாள்தனம், அளந்தால் மாட்டிக்கொள்வோம். அதனால் நீளம், அகலம் எதையும் நான் தொடவில்லை. பின்சக்கரங்களை மட்டும் கொஞ்சம் முன்னால் தள்ளினேன். மேலிருந்து பார்க்கிறவருக்குச் சக்கரம் தெரியாது அல்லவா? கம்ப்யூட்டருக்குத் தெரியும். அது சக்கரத்தை வைத்துத்தான் தடம் போடும். என் வண்டி மோட்டார் ரூமை உரசாமல் பூனை மாதிரி திரும்பிப் போனது.

ஸ்கேலக்கா தாளின் மேல் ஸ்கேலை வைத்து வண்டியின் நீளத்தை அளந்தார், அகலத்தை அளந்தார். "நான்தான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன் போல. மன்னிச்சுக்குங்க, சார்" என்றார். அவர் வாயால் நான் கேட்ட முதல் 'சார்' அது. அதற்குப் பிறகு யாரும் என்னைப் பொம்மைக்கடை என்று கூப்பிடவில்லை.

கட்டடம் எழும்பியதும் என் தம்பி தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தான். "அண்ணா, நீ போட்ட பிளானாமே. பின் கட்டடத்துல மூணாவது மாடி காலியா இருக்குன்றாங்க. எடுக்கலாமா?"

பேனாவை நிறுத்திவிட்டீர்கள். வேறென்ன சொல்லியிருக்க வேண்டும் என்கிறீர்கள்? வேண்டாம் என்றால் ஏன் என்பான். அவனிடம் சொன்னால் அவன் மனைவிக்குத் தெரியும், அவளுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும். "எடு, காத்து நல்லா வரும்" என்றேன். "மாமாவே சொல்லிட்டாரு, அப்புறம் என்ன யோசனை" என்றாள் அவள். காற்று நன்றாகத்தான் வந்தது.

தீப்பிடித்தது பட்டப்பகலில். அவர்களுக்குக் கீழே இரண்டாவது மாடியில் ஏதோ மின்கசிவு, அதில் எனக்குச் சம்பந்தமில்லை. தீயணைப்பு வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. வளைவில் அதன் பின்சக்கரம் மோட்டார் ரூம் மூலையில் ஏறிச் சிக்கிக்கொண்டது. பின்னால் எடுத்துத் திருப்பினார்கள், மறுபடியும் சிக்கியது. ஏணி எட்டவில்லை. தம்பி வேலைக்குப் போயிருந்தான். அவன் மனைவி பால்கனியில் நின்று ஈரத் துண்டை வீசிக்கொண்டே இருந்தாளாம். அவள் நின்ற இடத்திலிருந்து அந்த வண்டி ஏறக்குறைய என் சிம்பல் மாதிரியே தெரிந்திருக்கும். ஒரு சிவப்புச் சோப்புக் கட்டி, நான்கைந்து கோடுகள். சக்கரம் தெரிந்திருக்காது. இதை நான் அவ்வப்போது நினைத்துப் பார்ப்பதுண்டு.

அவள் பிழைக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பி கேட்டான்: "வண்டி ஏன்ணா திரும்பல?"

"டிரைவருக்குப் பழக்கம் பத்தல" என்றேன். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன். படத்தில் திரும்பிய வண்டி தரையில் திரும்பவில்லை என்றால், கோளாறு படத்தில்தான் இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

சக்கரத்தைப் பழைய இடத்தில் வைக்க ஒரு நொடி போதுமே என்றீர்கள். போதும். ஆனால் ஸ்டாம்பைப் பற்றி நான் சொன்னதை மறந்துவிட்டீர்கள். அந்த வண்டியை ஆபீஸில் எல்லாரும் எல்லாப் பிளானிலும் நிறுத்திவிட்டார்கள். அழகாகத் திரும்புகிறதே என்று பாதைகளைக் குறுக்கியும் கொண்டார்கள். நான் சக்கரத்தை நகர்த்தியிருந்தால் அத்தனை பிளானிலும் வண்டிகள் ஒரே நேரத்தில் சுவரில் முட்டிக்கொண்டு நின்றிருக்கும். படம் திருந்தும், ஆட்கள் குடியேறிய கட்டடம் திருந்துமா? நிம்மதியாக இருக்கிறவர்களைக் கலவரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. எந்தெந்தக் கட்டடம் என்பதை நீங்களே தேடிக்கொள்ளுங்கள். நான்தான் செய்தேன், தெரிந்துதான் செய்தேன். தப்பு என்று மட்டும் என் வாயால் வராது.

கடைசியாக என் வீட்டைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், அதுவும் எங்கள் ஆபீஸ் போட்ட பிளான்தான். அதிலும் என் வண்டிதான் நிற்கிறது. வாங்குவதற்கு முன்னால் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அங்கிருந்த வளைவைத் தரையிலேயே அளந்து பார்த்தேன். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்ற என் மனைவி, "பிளான்தான் இருக்கே, இதை எதுக்கு அளக்கறீங்க" என்றாள்.

படத்தை நம்பி யாராவது வீடு வாங்குவார்களா, மேடம்?