மாட்டுக்கொட்டிலில் இருமுகிற பிள்ளை

கொடிகாமத்தில் பஸ் ஏறியபோது முன் இருக்கையில் இரண்டு பெண்கள் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

“இருமல் வந்தால் மாட்டுக்கொட்டிலுக்கு ஓடுறாள் அக்கா,” என்றாள் இளையவள்.

“ஆர், நீ வளர்க்க எடுத்த பிள்ளையோ?”

“ஓம். மாசாமாசம் வீட்டை வந்து பாக்கிற நேர்ஸை அரசாங்கச் சிறுவர் கந்தோர்க்காரர் நிப்பாட்டிப்போட்டினம். செலவைக் குறைக்கினமாம். மூச்சிழுப்புக்கு வாயிலை அடிக்கிற பம்பையும் இனி நாங்கள்தான் வாங்கோணுமாம். இவர் அதை அவளுக்கு முன்னால கதைச்சுப்போட்டார்.”

“உன்ரை மனுசன்ரை வாய்க்கு முதல்ல ஒரு பூட்டு வாங்கடி.”

இளையவள் சிரிக்கவில்லை. “செலவு கூடினால் திருப்பிப் பிள்ளையள் இல்லத்திலை விட்டிடுவம் எண்டு அவளுக்குப் பயம். இழுப்பு மாறிச் சுகமாகிட்டுது எண்டு சத்தியம் பண்ணுறாள். அதுதான் நேர்ஸைத் திரும்பவும் வீட்டை அனுப்பச் சொல்லிக் கேக்க அந்தக் கந்தோருக்குப் போறன்.”

“அவள் ஒளிச்சால் நீ என்னெண்டு கண்டுபிடிக்கிறது?”

“பின்னேரம் விளக்கு வைச்சிட்டுத் தேவாரம் பாடச் சொல்லுவன். மூச்சு எந்த இடத்தில முறியுது எண்டு கேட்டுக்கொண்டிருப்பன்.”

“கெட்டிக்காரிதான்.”

“எங்கை அக்கா? அவள் அதையும் கண்டுபிடிச்சிட்டாள். முந்தாநாள் துவக்கம் பாடமாட்டன் எண்டு நிக்கிறாள்.”